சரக்கு எங்கே? போலி பில் பற்றி வந்த கேள்விகள்

புது ஆளிடம் சரக்கு எடுக்கிறேன். பில்லில் ஜிஎஸ்டி எண் இருக்கிறது. அது போதுமா? (பேட்டை, ஹார்டுவேர் கடை)

போதாது. 15 இலக்கம். முதல் இரண்டு மாநிலம், நமக்கு 33. அடுத்த பத்து பான் எண். இதெல்லாம் சரியாக இருந்தாலும் எண் வேறொருவருடையதாக இருக்கலாம். ஜிஎஸ்டி இணையதளத்தில் எண்ணைப் போட்டுத் தேடுங்கள். வரும் பெயரும் பில்லில் உள்ள பெயரும் ஒன்றுதானா, பதிவு நடப்பில் இருக்கிறதா, ரிட்டர்ன் போட்டு எத்தனை மாதமாகிறது என்று பாருங்கள். இரண்டு நிமிட வேலை, அண்ணாச்சி.

வழக்கமாக வாங்கும் கம்பெனி, பேங்க் கணக்கு மாறிவிட்டது என்று மெயிலில் புது பில் அனுப்பியிருக்கிறது. அனுப்பலாமா? (அம்பாசமுத்திரம், ரைஸ்மில்)

அனுப்பாதீர்கள். முதலில் போன் செய்யுங்கள். பில்லில் இருக்கும் எண்ணுக்கு அல்ல, உங்கள் போனில் பழைய நாளிலிருந்து இருக்கும் எண்ணுக்கு. மெயில் முகவரியையும் எழுத்தெழுத்தாகப் படியுங்கள், ஒரு எழுத்து மாறியிருக்கும். முகவரி சரியாக இருந்தாலும் நம்ப வேண்டாம், அவர்கள் மெயிலுக்குள்ளேயே ஆள் புகுந்திருக்கலாம். பணம் ஏற்கெனவே போய்விட்டதென்றால் இதைப் படித்துக்கொண்டிருக்காமல் சைபர் மோசடிப் புகார் எண் 1930-க்குக் கூப்பிடுங்கள், பேங்குக்கும் சொல்லுங்கள்.

எங்கள் அப்பளத்தின் டிரேட்மார்க்கைப் ‘பதிவேட்டில் வெளியிட’ முப்பதாயிரம் சொச்சம் கட்டச் சொல்லி பில் வந்திருக்கிறது. (கல்லிடைக்குறிச்சி)

கட்ட வேண்டாம். டிரேட்மார்க் இதழ் யாரும் பார்க்கக்கூடியது. அதிலிருந்து உங்கள் முகவரியை எடுத்திருக்கிறார்கள். பதிவு அலுவலகத்துக்கான கட்டணத்தை விண்ணப்பம் போட்டபோதே கட்டியாயிற்று. அடுத்தது பத்து வருடம் கழித்துப் புதுப்பிக்கத்தான். சந்தேகமிருந்தால் உங்களுக்கு விண்ணப்பம் போட்டுக் கொடுத்தவரைக் கேளுங்கள், பில்லில் உள்ள எண்ணுக்குப் போன் போடாதீர்கள்.

வாட்ஸ்அப்பில் ‘பில்.ஏபிகே’ என்று வந்தது. திறந்துவிட்டேன். ஒன்றும் ஆகாதே? (வள்ளியூர்)

பில் படமாக வரும், பிடிஎஃப்-ஆக வரும். ஏபிகே என்று முடிந்தால் அது செயலி. இதைப் போன மாதமும் எழுதினேன். நெட்டை அணையுங்கள், வேறு போனிலிருந்து பேங்கைக் கூப்பிட்டுக் கணக்கை முடக்குங்கள், பிறகு 1930.

சரக்கு வேண்டாம், பில் மட்டும் தருகிறேன், இரண்டு மூன்று சதவீதம் கமிஷன் போதும் என்கிறார் ஒரு புரோக்கர். எல்லோரும் செய்கிறார்களே? (பாளையங்கோட்டை, கான்ட்ராக்டர்)

எல்லோரும் செய்யவில்லை. இன்புட் கிரெடிட், அதாவது வாங்கும்போது கொடுத்த வரியை நீங்கள் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்வது. அதை எடுக்கச் சரக்கு உங்கள் கைக்கு வந்திருக்க வேண்டும், விற்றவர் அந்த வரியைக் கட்டியிருக்க வேண்டும். பேங்கில் பணம் போட்டு ரொக்கமாகத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம் என்பார், அதையும் கண்டுபிடிக்கிறார்கள். மாட்டினால் வரி, வட்டி, அதற்கு மேல் எடுத்த வரி அளவுக்கு அபராதம். 5 கோடியைத் தாண்டினால் ஜாமீனில் வர முடியாத வழக்கு.

ஒரு கம்பிக்கடைக்காரர் என்னிடம் கொண்டுவந்த பில்லில் பன்னிரண்டு டன் கம்பி இருந்தது. எடை ரசீது இல்லை, லாரி ரசீது இல்லை. வண்டி எண்ணைச் செயலியில் போட்டுப் பார்த்தேன், ஸ்கூட்டர். அவருக்குத் தெரிந்து நடந்ததா என்று நான் கேட்கவில்லை. அந்தக் கிரெடிட்டை அன்றைக்கே திருப்பிக் கட்ட வைத்தேன். சரக்கு எங்கே என்று முதலில் கேளுங்கள், பில் அப்புறம்.

கடன் வாங்கித் தருவதாகச் சொல்லி அம்மாவின் ஆதார், பான், மின்கட்டண ரசீதை வாங்கிப் போனார்கள். ஓடிபி-யும் சொல்லிவிட்டார். இப்போது பல லட்சம் வரி கட்டச் சொல்லி நோட்டீஸ். அம்மா பீடி சுற்றுகிறார். (முக்கூடல்)

தம்பி, உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். மேலே கேள்வி கேட்ட கான்ட்ராக்டரும் இதைப் படிக்க வேண்டும். புரோக்கர் தரும் அந்த பில் ஆகாயத்திலிருந்து வருவதில்லை. உங்கள் அம்மா மாதிரி ஒருவரின் பானில் கம்பெனி பதிந்துதான் அடிக்கிறார்கள். கமிஷன் அவர்களுக்கு, கிரெடிட் வாங்குபவருக்கு, நோட்டீஸ் ஆயிரம் பீடிக்குக் கூலி வாங்கும் பெண்ணுக்கு. இருபது வருடமாகக் கணக்குப் பார்க்கிறேன், இதைப் போல என்னைக் கொதிக்க வைப்பது வேறில்லை.

நோட்டீஸைப் பயந்து பெட்டியில் வைத்துவிடாதீர்கள். பதில் சொல்லக் கெடு தேதி அதிலேயே இருக்கும், அதைத் தவறவிட்டால் வரி உறுதியாகிவிடும். அம்மாவின் பீடி அட்டை, பேங்க் பாஸ்புக் நகலோடு, இந்தத் தொழிலை நான் செய்யவில்லை என்று எழுதிக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்குங்கள். அந்தப் பதிவை ரத்து செய்யவும் எழுதிக் கேளுங்கள். காவல் நிலையத்தில் புகார் கொடுத்து ரசீதை இணையுங்கள். ஜிஎஸ்டி இணையதளத்தில் பான் எண்ணை வைத்தும் தேடலாம். வேறு மாநிலத்திலும் அம்மா பெயரில் பதிவு இருக்கிறதா என்று உடனே பாருங்கள். நோட்டீஸைத் தீர்த்துத் தருகிறேன் என்று போனில் யார் வந்தாலும் காசு கொடுக்காதீர்கள். ஆவணங்களோடு நேரில் வாருங்கள், கட்டணம் வேண்டாம்.

பெரிய கம்பெனி பில்லில் கியூஆர் கட்டம் இல்லை. போலியா? (டவுன், ஜவுளிக்கடை)

விற்றுமுதல் 5 கோடிக்கு மேல் உள்ளவர்கள் கடைகளுக்குப் போடும் பில்லில் 2023 ஆகஸ்ட் முதல் அந்தக் கட்டம் இருக்க வேண்டும். சில துறைகளுக்கு மட்டும் விலக்கு, ஜவுளி அதில் இல்லை. கேட்டு வாங்குங்கள். வரும்வரை பணத்தைப் பிடித்து வையுங்கள்.