இரசாயனவியலா, ஐசிடியா? ஒட்டுசுட்டானிலிருந்து கேட்ட தாய்க்கு

அன்புள்ள அம்மா,

நீங்கள் இரண்டு விஷயம் கேட்டிருக்கிறீர்கள். வாகனங்கள் ஒன்றோடொன்று தகவல் பரிமாறும் தொழில்நுட்பத்தைத்தான் படிப்பேன் என்று மகன் ஒற்றைக்காலில் நிற்கிறார். அது சோறு போடுமா என்பது ஒன்று. அதற்காக உயர்தரக் கணிதப் பிரிவில் இரசாயனவியலை விட்டு ஐசிடி (தகவல், தொடர்பாடல் தொழில்நுட்பம்) எடுக்கப் போகிறாராம். விடலாமா என்பது மற்றது. அவசரமானது இரண்டாவதுதான். ஆனால் முதலாவது விளங்கினால்தான் அதற்கு விடை சொல்ல முடியும்.

மகன் சொல்வது கற்பனை இல்லை. டொயோட்டா 2015 இலேயே ஜப்பானில் இந்த வசதியோடு கார் விற்கத் தொடங்கியது. வோக்ஸ்வாகனின் எட்டாம் தலைமுறை கோல்ஃப் 2019 இல் இதோடு வந்தது. வாகனம் தன் இடம், வேகம், திசை மூன்றையும் செக்கனுக்குப் பத்துத் தடவை வரை வானலையில் சொல்லிக்கொண்டே போகும். அருகில் வரும் மற்ற வாகனம் அதைக் கேட்டுக்கொள்ளும்.

அது வரைக்கும் பெரிய கஷ்டமில்லை. கஷ்டம் தொடங்குவது ஒரு வாகனம் மற்றவற்றிடம் கேள்வி கேட்கும்போது. மாங்குளத்திலிருந்து முல்லைத்தீவு வீதியில் இரவு ஒரு பஸ் வருகிறது என்று வையுங்கள். "அடுத்த ஐந்து கிலோமீற்றருக்குள் மாடு நிற்கிறதா?" இதுதான் கேள்வி. எதிரே வந்த டிப்பர் கட்டாக்காலி மாடுகளைக் கண்டிருக்கும், ஆனால் கண்டது பத்து நிமிடத்துக்கு முன். அதன் பின்னால் வந்த வானும் மாடுகளைக் கண்டது என்றால் அவை அதே மாடுகளா, வேறா? மாடு எழும்பிப் போய்விடும், வீதிக் கிடங்கு அங்கேயே கிடக்கும். ஆகவே ஒரு தகவல் சில நிமிடத்தில் பழசாகிவிடும், மற்றது மாதக்கணக்கில் செல்லுபடியாகும். யாராவது வேண்டுமென்று பொய் சொன்னால் எப்படிப் பிடிப்பது? பதில் சொன்ன வாகனம் யாருடையது, எங்கெங்கே போனது என்பது வெளியில் தெரியாமல் எப்படிக் காப்பது? நடுவில் சிக்னலே இல்லாத காட்டுத் துண்டு வந்தால் எதை வைத்திருந்து பிறகு அனுப்புவது?

அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் 2006 அளவில் 'கார்டெல்' என்ற திட்டத்தில் இந்தக் கடைசிக் கேள்வியைத்தான் கையில் எடுத்தார்கள். கார்களில் சிறு கணினி பூட்டி, தொடர்பு விட்டுவிட்டுக் கிடைத்தாலும் முக்கியமான தரவு முந்திப் போகும்படி செய்தார்கள். 2008 இல் பொஸ்டன் பக்கம் ஏழு டாக்சிகளில் அதிர்வை அளக்கும் கருவியும் ஜிபிஎஸ்ஸும் வைத்து வீதிக் குழிகளைக் கண்டுபிடித்தும் காட்டினார்கள். சிக்னல் தேடி வளவின் மூலைக்குப் போய் நின்று பழகிய பிள்ளைக்கு இது ஏன் முக்கியம் என்று யாரும் விளக்கத் தேவையில்லை. மகனின் ஆசையை நான் மதிப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

சரி, வேலை? வாகனத் தொடர்பு என்ற பெயரில் இலங்கையில் வேலை தேடினால் கிடைப்பது அரிது. ஆனால் மேலே சொன்ன கேள்விகளுக்குள் இருப்பது தரவுத்தளம், வலையமைப்பு, புள்ளிவிபரவியல், தகவல் பாதுகாப்பு. இவை தெரிந்தவரை வங்கியும் தொலைத்தொடர்பு நிறுவனமும் மென்பொருள் நிறுவனமும் எடுக்கும். அதனால் இப்போதே இந்தப் பெயர் போட்ட டிப்ளோமா என்று யாராவது விற்க வந்தால் காசு கட்டாதீர்கள்.

இனி பாடம். இரசாயனவியலை எடுக்கச் சொல்லுங்கள். இணைந்த கணிதம், பௌதிகவியல், இரசாயனவியல் மூன்றும் இருந்தால் கிளிநொச்சி அறிவியல் நகரில் உள்ள யாழ். பல்கலைக்கழகப் பொறியியல் பீடத்துக்கும் விண்ணப்பிக்கலாம், கணினி விஞ்ஞானத்துக்கும் விண்ணப்பிக்கலாம். ஐசிடிக்கு மாறினால் பொறியியல் இல்லை. கணினியை வெளியில் படித்துக்கொள்ளலாம், விட்ட இரசாயனவியலைப் பிறகு பிடிப்பது கஷ்டம். சாதாரண தர விஞ்ஞானத்திலேயே அந்தப் பகுதி அவருக்கு ஏறவில்லை என்றால் மட்டும் ஐசிடி எடுக்கட்டும். அப்படி எடுத்தாலும் 2021 இல் தனிப் பல்கலைக்கழகமான வவுனியாவில் கணினித்துறைப் படிப்பு இருக்கிறது.

பல்கலைக்கழகத் தெரிவுக்கான இசட் புள்ளியை நினைத்து இப்போதே பயப்பட வேண்டாம். பெரும்பாலான பாடநெறிகளில் 55 வீதமான இடங்கள் மாவட்ட அடிப்படையில் போகின்றன. பின்தங்கிய மாவட்டங்களுக்கான 5 வீதத்திலும் முல்லைத்தீவுக்குப் பங்கு உண்டு. அதுவும் சரிவராவிட்டால் அறிவியல் நகரிலேயே இலங்கை-ஜேர்மன் பயிற்சி நிறுவனம் இருக்கிறது. அங்கே வாகனத் தொழில்நுட்பமும் தகவல் தொழில்நுட்பமும் என்விகியூ என்ற தேசிய தொழில் தகைமையோடு படிக்கலாம். வாகனத்தின் உள்ளே கை வைத்துப் பழகியவருக்கு இந்தத் துறையில் தனி மதிப்பு இருக்கிறது.

வகுப்புத் தொடங்கும் வரை மகன் சும்மா இருக்க வேண்டாம். கைத்தொலைபேசியிலேயே அதிர்வு உணரி உண்டு. அதைப் பதியும் இலவசச் செயலியும் உண்டு. பஸ்ஸில் போகும்போது பதிந்து வந்து, தரவுத்தளத்திடம் கேள்வி கேட்கும் மொழியான எஸ்கியூஎல் படித்து, எந்த இடத்தில் பஸ் தூக்கிப் போட்டது என்று தரவிடம் கேட்கட்டும். பிறேக் பிடித்ததையும் கிடங்கில் விழுந்ததையும் எப்படிப் பிரிப்பது என்று அவருக்குத் தலை வெடிக்க வேண்டும். அப்போதுதான் இது ஆசையா, வெறும் மோகமா என்று அவருக்கே தெரியும்.

ஒன்றை மட்டும் நீங்களே நேரில் போய்ச் செய்யுங்கள். பாடசாலையில் இரசாயனவியலுக்கு நிரந்தர ஆசிரியர் இருக்கிறாரா, செய்முறை நடக்கிறதா என்று அதிபரிடம் கேளுங்கள். "வருவார்" என்று பதில் வந்தால் காத்திருக்காமல் வவுனியாவிலோ கிளிநொச்சியிலோ விடுதியுள்ள பாடசாலையாகப் பாருங்கள். முதல் தவணை முடிந்த பிறகு மாற்றினால் பிள்ளைதான் அலைய வேண்டி வரும்.