நிசேயா சங்கம்: கேள்வி பதில்

கேள்வி: ஐயா, புதிய ஏற்பாட்டில் எந்த நூல்கள் இருக்க வேண்டும் என்பதை நிசேயா சங்கத்தில் ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன்தான் முடிவுசெய்தார் என்கிறார்கள். உண்மையா?

பதில்: இல்லை. கி.பி. 325-இல், இன்றைய துருக்கியின் இஸ்னிக் நகரில் திருச்சபை ஆயர்கள் கூடிய அச்சங்கம் வகுத்த 20 விதிகளில் வேதாகம நூல்களின் பட்டியலே கிடையாது. நாம் வாசிக்கும் 27 நூல்களை மட்டும் பெயர்சொல்லி அடுக்கும் மிகப் பழைய பட்டியல், அலெக்சாந்திரியா ஆயர் அத்தனாசியு 367-இல் தம் சபைகளுக்கு எழுதிய ஈஸ்டர் மடலில்தான் கிடைக்கிறது.

கேள்வி: அப்படியானால் எதற்காகக் கூடினார்கள்?

பதில்: முதன்மையாக, ஆரியுவின் போதனையை விசாரிக்க. அலெக்சாந்திரியாவில் மூப்பராக இருந்த அவர், குமாரனாகிய கிறிஸ்து படைக்கப்பட்டவர் என்றும், அவர் இல்லாதிருந்த காலம் உண்டு என்றும் போதித்தார். குமாரன் பிதாவோடே ஒரே தன்மையுடையவர் என்று சங்கம் அறிக்கையிட்டது; ஏற்க மறுத்த லிபிய ஆயர்கள் இருவரும் ஆரியுவும் நாடுகடத்தப்பட்டனர். ஈஸ்டரை எல்லாச் சபைகளும் ஒரே நாளில் கொண்டாட வேண்டும் என்பதும் அங்கு எடுத்த முடிவே.

கேள்வி: பேரரசரே கூட்டிய சங்கமாயிற்றே, அத்துடன் வழக்குத் தீர்ந்திருக்குமே?

பதில்: தீரவில்லை, இதைத்தான் பலரும் கவனிக்கத் தவறுகிறார்கள். சில ஆண்டுகளிலேயே அரசவையின் ஆதரவு ஆரியுவின் பக்கம் சாய்ந்தது. 337-இல் மரணப்படுக்கையில் இருந்த கான்ஸ்டன்டைனுக்கு ஞானஸ்நானம் கொடுத்தவரே ஆரியுவின் ஆதரவாளரான நிக்கொமேதியா ஆயர் யுசேபியுதான். 328-இல் ஆயரான அத்தனாசியுவோ, நிசேயா அறிக்கையை விட்டுக்கொடுக்காமல் நின்று, ஐந்து முறை ஊரைவிட்டுத் துரத்தப்பட்டு, ஏறத்தாழ 17 ஆண்டுகளை வெளியிலேயே கழித்தார். 356 பிப்ரவரியில், அலெக்சாந்திரியாவின் தெயோனாஸ் ஆலயத்தில் மக்கள் இரவு ஜெபத்தில் இருந்தபோது படைவீரர்கள் சூழ்ந்துகொண்டனர். அவர் இருக்கையை விட்டு எழாமல், 136-ஆம் சங்கீதத்தை வாசிக்கும்படி உதவிக்குருவிடம் சொல்ல, மக்கள் “அவர் கிருபை என்றுமுள்ளது” என்று பதிலுரைத்தனர். கதவை உடைத்துக்கொண்டு படை நுழைந்த பின்பும், மக்களில் பெரும்பாலோர் வெளியேறும்வரை நகர மறுத்த அவரைத் துறவிகள் பிடித்திழுத்துக் காப்பாற்றினார்கள். அதன்பின் ஆறு ஆண்டுகள் தலைமறைவாகவே இருந்து எழுதினார். நிசேயாவை நிலைநிறுத்தியதில் அரச முத்திரையைவிட இவருடைய விடாப்பிடிக்கே பெரும்பங்கு உண்டு என்பது என் உறுதியான கருத்து.

கேள்வி: கிறிஸ்தவத்தை அரச மதமாக்கியவர் கான்ஸ்டன்டைன்தானே?

பதில்: அவர் 313-இல் சக பேரரசரான லிசினியுவுடன் சேர்ந்து வழிபாட்டு உரிமையை மட்டுமே வழங்கினார். அரச மதமாக்கிய ஆணை பேரரசர் தெயோதோசியுவின் காலத்தில், 380-இல் பிறந்தது.

கேள்வி: ஆலயத்தில் நாம் சொல்லும் நிசேயா விசுவாசப் பிரமாணம் 325-இல் எழுதியதேதானா?

பதில்: அப்படியே அன்று. 325-இன் வாசகம் பரிசுத்த ஆவியை ஒரே வரியில் முடித்துவிடுகிறது. ஆவியானவரைப் பற்றியும் திருச்சபையைப் பற்றியும் நாம் சொல்லும் விரிவான பகுதி, 381-இல் கூடிய கான்ஸ்டான்டிநோபிள் சங்கத்தின் பெயரால் வழங்கும் வடிவத்தைச் சேர்ந்தது.