தண்ணீரைக் கவனியுங்கள்!

கேள்வி: இரண்டாம் படிவம் படிக்கும் என் மகள் ‘ரன்மா ½’ என்ற மாங்காவை (ஜப்பானியப் படக்கதை) எடுத்தால் கீழே வைப்பதில்லை; தனியாகச் சிரித்துக்கொண்டிருக்கிறாள். நடுவில் ஒரு பாகத்தை நானும் புரட்டினேன். ஏகப்பட்ட பேர் வருகிறார்கள், யார் யாரென்றே பிடிபடவில்லை. இதில் அப்படி என்ன இருக்கிறது?
– வாசகி, செந்தூல், கோலாலம்பூர்

பதில்: பெயர்களை விடுங்கள், தண்ணீரைக் கவனியுங்கள். ஜூசென்க்யோ என்ற சபிக்கப்பட்ட சுனைகளில் விழுந்தவர்கள் பச்சைத் தண்ணீர் பட்டால் உருமாறுவார்கள். வெந்நீர் பட்டால் பழையபடி ஆகிவிடுவார்கள். கதாநாயகன் ரன்மா பெண்ணாகிறான், அவன் அப்பா கென்மா பாண்டாவாகிறார், அவனோடு மோதும் ரியோகா கறுப்புப் பன்றிக்குட்டி, இன்னொரு எதிராளி மூஸ் வாத்து. கூட்டம் பெருகினாலும் விதி இது ஒன்றுதான். இதைப் படைத்த ருமிகோ தகஹாஷி 1987 முதல் 1996 வரை 38 பாகங்களுக்கு இதை இழுத்துச் சென்றும் சலிக்காததற்கு இதுவே காரணம்.

ஆளைக் கண்டுபிடிக்க அடையாளமும் வரைந்திருக்கிறார். ரியோகா நெற்றியில் கட்டும் துணி, பன்றிக்குட்டியின் கழுத்தில் இருக்கும். வாத்து மூக்குக்கண்ணாடி போட்டிருக்கும். பாண்டாவுக்குப் பேச்சு வராது, பலகையில் எழுதிக் காட்டும்.

உண்மையான சிரிப்பு, யாருக்கு எது தெரியாது என்பதில்தான். அந்தப் பன்றிக்குட்டியை, ரன்மாவுக்கு நிச்சயிக்கப்பட்ட பெண்ணான அகானே செல்லமாக வளர்க்கிறாள். அது ரியோகா என்று அவளுக்குத் தெரியாது. ரன்மாவுக்குத் தெரியும், ஆனால் சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறான். அவள் அதை அணைத்துக்கொள்ளும் போதெல்லாம் அவன் பொருமுவான். நடுவில் எடுத்தவருக்கு அது வெறும் பன்றிக்குட்டி! அதனால் முதல் பாகத்திலிருந்து தொடங்குங்கள்.

வலமிருந்து இடமாகப் படியுங்கள். கட்டங்கள் மட்டுமல்ல, ஒரே கட்டத்துக்குள் இருக்கும் பேச்சுக் குமிழிகளும் அப்படித்தான். இடப்பக்கக் குமிழியை முதலில் படித்தால் கேள்விக்கு முன்பே பதில் வந்து நகைச்சுவை செத்துவிடும்.

ஆங்கிலத்தில் வாங்கும்போது ஒரு எச்சரிக்கை. விஸ் என்ற அமெரிக்கப் பதிப்பகத்தின் பழைய பதிப்பு படங்களைத் திருப்பிப்போட்டு இடமிருந்து வலமாக, 36 பாகங்களாக வந்தது. இரண்டிரண்டு பாகங்களை ஒரே புத்தகமாக்கிய புதிய பதிப்பு மூலத்தைப் போலவே வலமிருந்து இடம்; 19 புத்தகங்கள். பழைய புத்தகக் கடையில் கொஞ்சம், கேஎல்சிசியில் உள்ள கினோகுனியா புத்தகக் கடையில் கொஞ்சம் என்று கலந்து வாங்கினால் பாக எண்கள் ஒத்துவராது.

குளியலறைக் காட்சிகளில் உடையில்லாத உருவங்கள் உண்டு. மகள் 14 வயதுக்காரி. முதல் புத்தகத்தை நீங்களும் உடன் உட்கார்ந்து படிப்பது நல்லது.