சோபாவை அளந்தீர்களா?

கேள்வி: எங்கள் வரவேற்பறை 12க்கு 16 அடி. நீளச் சுவரை ஒட்டி 7 அடி சோபாவும், எதிர்ச் சுவரை ஒட்டி இரண்டு ஒற்றை நாற்காலிகளும், நடுவில் டீப்பாயும் இருக்கின்றன. டீப்பாய்க்கு அடியில் 4க்கு 6 அடியில் ஒரு தரைவிரிப்பு வாங்கிப் போட்டேன். அறை முன்பைவிடக் குறுகிப்போனது போல் தெரிகிறது. என் தந்தைக்கு அடிக்கடி காலும் தடுக்குகிறது. சிறிய அறைக்குச் சிறிய விரிப்புதான் பொருந்தும் என்று எண்ணித்தான் வாங்கினேன். நிறத்தை மாற்றினால் சரியாகிவிடுமா? சாப்பாட்டு மேசைக்கு அடியிலும் ஒன்று போட விரும்புகிறேன்; மேசை அளவுக்கே வாங்கினால் போதுமா?

பதில்: நிறத்தை மாற்ற வேண்டாம், அதனால் ஒன்றும் சரியாகாது. உங்கள் கடிதத்தில் அறையின் அளவு இருக்கிறது, சோபாவின் நீளம் இருக்கிறது, விரிப்பின் அளவும் இருக்கிறது. ஆனால் வாங்கப் போகுமுன் இவற்றை ஒன்றோடொன்று வைத்துப் பார்த்ததாகத் தெரியவில்லை. சோபாவுக்கும் நாற்காலிகளுக்கும் நடுவே தெரிந்த காலி இடத்தைக் கண்ணால் அளந்து, அதற்குள் அடங்கும் ஒரு துண்டை வாங்கியிருக்கிறீர்கள். தரைவிரிப்பை அளக்க வேண்டியது காலி இடத்தைக் கொண்டு அல்ல. அதன்மேல் ஒன்றுகூடப் போகிற இருக்கைகளைக் கொண்டு.

சோபாவின் ஆழம் 3 அடி என்றும் நாற்காலியின் ஆழம் இரண்டரை அடி என்றும் வைத்துக்கொண்டால், 12 அடி அகலத்தில் அவற்றுக்கு நடுவே ஆறரை அடி மிஞ்சும். அந்த ஆறரை அடியின் மத்தியில் 4 அடி அகல விரிப்பு கிடப்பதால், அதன் விளிம்பு இரண்டு பக்கமும் இருக்கைகளிலிருந்து ஒன்றேகால் அடி தள்ளி அமைகிறது. நாற்காலியிலிருந்து எழுந்து ஒருவர் எடுத்து வைக்கும் முதல் அடி ஏறக்குறைய அங்கேதான் விழும். எழும்போது கால் முழுதாக உயராது. பாதம் தரையை உரசியபடியே முன்னே நகரும். கட்டைவிரல் விரிப்பின் ஓரத்துக்கு அடியில் நுழையும். உங்கள் தந்தை கவனக்குறைவாக நடக்கிறார் என்று யாரும் அவரைக் கடிந்துகொள்ள வேண்டாம். அவர் தடுக்கும் இடத்தில்தான் விளிம்பு போடப்பட்டிருக்கிறது.

அறை குறுகித் தெரிவதற்கும் இதே விளிம்புதான் காரணம். கண் ஒரு அறைக்குள் நுழைந்ததும் எல்லைக்கோடுகளைத் தேடும். விரிப்பின் ஓரத்தை, உட்கார்ந்து பேசும் இடத்தின் எல்லையாக அது எடுத்துக்கொள்ளும். உங்கள் விரிப்பு சோபாவைவிட ஓர் அடி குட்டையாக இருப்பதால், தரை ஒரு பட்டை, விரிப்பு, மறுபடியும் ஒரு பட்டை என்று துண்டுபட்டு, சோபாவும் நாற்காலிகளும் அதற்கு வெளியே நிற்பவையாகிவிடுகின்றன. சிறிய அறைக்குச் சிறிய விரிப்பு என்பது பலர் நம்பும் கணக்கு; அதை நான் ஏற்கவில்லை. அறை சிறிதாக இருக்கும்போதுதான் விரிப்பு தாராளமாக இருக்க வேண்டும், ஏனெனில் துண்டுபடாத ஒரே பரப்பு பார்வைக்கு விரிந்து தெரியும்.

உங்கள் அறைக்கு வேண்டியது 8க்கு 10 அடி. 10 அடிப் பக்கம் சோபாவின் நீளவாக்கில் வரட்டும். அப்போது சோபாவின் இரு முனைகளையும் தாண்டி ஒன்றரை அடி வீதம் விரிப்பு நீளும். ஆறு முதல் எட்டு அங்குலம் தாண்டினாலே போதுமானது என்றாலும், கூடுதலாக இருப்பது குறையல்ல. 8 அடிப் பக்கத்தில், சோபாவின் முன்கால்களுக்கு அடியில் 9 அங்குலம் உள்ளே தள்ளி விரித்தால், மறுமுனை எதிரேயுள்ள நாற்காலிகளுக்கு அடியிலும் 9 அங்குலம் சென்று முடியும். எல்லா இருக்கைகளின் முன்கால்களும் விரிப்பின்மேல் நிற்கும்; பின்கால்கள் வெறுந்தரையில் இருக்கலாம். உட்கார்ந்திருப்பவரின் பாதமும் எழுந்து வைக்கும் முதல் அடியும் விரிப்பின்மேலேயே அமையும். நீளவாக்கில் இரு பக்கமும் 3 அடி தரை மிஞ்சுவதால், அறையைக் கடந்து போகிறவர்கள் விரிப்பை மிதிக்காமலே போகலாம். விலையைப் பார்த்து 6க்கு 9 வாங்கத் தோன்றும். ஆனால் உங்கள் இடைவெளியே ஆறரை அடி என்பதால், 6 அடி விரிப்பை எந்தப் பக்கம் நகர்த்தினாலும் மறுபக்கத்து இருக்கைகள் வெளியே நின்றுவிடும். பெரிய சணல் விரிப்பைப் போட்டு, அதன்மேல் உங்களிடம் உள்ளதை விரிப்பது அழகான வழிதான். தந்தைக்குத் தடுக்குகிற வீட்டில் இன்னொரு விளிம்பை ஏற்படுத்த எனக்கு மனம் வரவில்லை.

வாங்குமுன் செய்தித்தாள்களை அந்த அளவுக்குத் தரையில் பரப்பி, ஓரங்களை ஒட்டி, இரண்டு நாள் அப்படியே விட்டுவையுங்கள். கதவைத் திறந்து பாருங்கள்; கதவின் வீச்சுக்குள் விரிப்பு வருமானால், கதவின் அடி இடைவெளியை அளந்து, விரிப்பும், அது நழுவாமலிருக்க அதன் அடியில் போடும் அடிவிரிப்பும் சேர்ந்த கனத்தோடு ஒப்பிடுங்கள். குட்டையான இழை கொண்டதையே எடுங்கள். இழை நீண்டு தடித்திருந்தால், முன்கால்கள் மட்டும் ஏறிய சோபா பின்னால் சாயும்.

அடிவிரிப்பை யாரும் மனமுவந்து வாங்குவதில்லை, ஆனால் விரிப்பு நழுவாமல் இருப்பது அதனால்தான். அது எல்லாப் பக்கமும் ஓர் அங்குலம் உள்ளடங்கியிருக்க வேண்டும். அப்போதுதான் விரிப்பின் ஓரம் சரிந்து தரையோடு படியும். தரை வினைல் என்றால் ரப்பர் அடிவிரிப்பு நிறக்கறை படியச் செய்யக்கூடும், வேறு வகையைக் கேட்டு வாங்குங்கள்.

விரித்த பிறகு, இழையை ஒருமுறை உள்ளங்கையால் நீவிப் பாருங்கள். ஒரு திசையில் கை வழுக்கிக்கொண்டு போகும். எதிர்த் திசையில் இழை நிமிர்ந்து தடுக்கும். இழை சாயும் பக்கத்திலிருந்து பார்த்தால் நிறம் அடர்ந்தும், எதிர்ப்பக்கத்திலிருந்து பார்த்தால் வெளிறியும் தெரியும். ஒரே விரிப்பு, இரண்டு நிறம். நீங்கள் நாள்தோறும் எந்த வாசல் வழியாக நுழைகிறீர்களோ, அங்கிருந்து எந்த நிறம் தெரிய வேண்டும் என்று முடிவு செய்து திருப்பிப் போடுங்கள். ஜன்னல் வெயில் ஒரே பக்கம் விழுமானால், ஆறு மாதத்துக்கு ஒருமுறை முனை மாற்றிப் போடுவது நிறம் சீராக மங்க உதவும்.

சாப்பாட்டு மேசைக்கு வருகிறேன். மேசை அளவுக்கே விரிப்பு என்பதை அடியோடு மறந்துவிடுங்கள். நாற்காலியைப் பின்னுக்கு இழுக்கும்போது அதன் பின்கால்கள் விரிப்பைவிட்டு இறங்கிவிடும். மறுபடியும் முன்னே தள்ளும்போது விளிம்பில் இடித்து நிற்கும். மேசையைச் சுற்றி எல்லாப் பக்கமும் 2 அடியாவது, முடிந்தால் இரண்டரை அடி, விரிப்பு வெளியே நீள வேண்டும். 3க்கு 5 அடி மேசை என்றால் 7க்கு 9 அடிக்குக் குறையக் கூடாது. 8க்கு 10 உத்தமம். அவ்வளவு இடமில்லை என்றால் அங்கே விரிப்பே வேண்டாம்.

கையில் இருக்கும் 4க்கு 6 வீணாகாது. படுக்கையறையில், கட்டிலின் பக்கவாட்டில், 6 அடிப் பக்கம் கட்டிலை ஒட்டியிருக்கும்படியும் ஓர் ஓரம் கட்டிலுக்கு அடியில் செல்லும்படியும் விரித்துக்கொள்ளுங்கள். அதற்கும் அடிவிரிப்பு வேண்டும். புதியது வரட்டும் என்று காத்திருக்காமல், வரவேற்பறையிலிருந்து அதை இன்றைக்கே எடுத்துவிடுங்கள். அதுவரை உங்கள் தந்தை வெறுந்தரையில் நடக்கட்டும்.