வாங்கும் பொத்தான் – கடிதமும் பதிலும்

அன்புள்ள சார்,

பெங்களூரில், பெல்லந்தூர் பக்கம் ஒரு பங்குத் தரகு நிறுவனத்தில் டிசைனராக இருக்கிறேன். எங்கள் மொபைல் ஆப்பை இந்த வருடம் முழுதாக மாற்றி வடிவமைக்கிறோம். மேலிடத்திலிருந்து வந்த உத்தரவு ஒன்றுதான்: வாங்குவதற்கு ஆகும் நேரம் குறைய வேண்டும். இப்போது மூன்று திரை தாண்டினால்தான் ஆர்டர் போகும். இனி ஒரே ஸ்வைப்பில் போக வேண்டுமாம். ஆர்டர் முடிந்ததும் திரையில் வண்ணக் காகிதம் தூவலாம் என்றும் ஒரு யோசனை ஓடுகிறது.

ஓசூரில் இருக்கும் என் அப்பா, ஓய்வுபெற்ற பிறகு எங்கள் ஆப்பில்தான் பங்கு வாங்குகிறார். போன மாதம், பல வருடம் வைத்திருக்கலாம் என்று நினைத்து வாங்கியது, வாங்கிய அன்றே விற்றாக வேண்டிய இன்ட்ராடேயில் போய்விட்டது. சந்தை மூடுவதற்கு முன் தானாகவே விற்றும்விட்டது. நஷ்டம் பெரிதில்லை. ஆனால் "நான் விற்கவே இல்லையேம்மா" என்று அவர் கேட்டபோது என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

தட்டல் குறைந்தால் அனுபவம் நன்றாக இருக்கும் என்றுதான் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். அது தப்பா? எங்கிருந்து தொடங்குவது? இந்த வேலையில் இருக்கலாமா என்றுகூடத் தோன்றுகிறது. பெயர் வேண்டாம் சார்.

ஒரு வாசகி, பெங்களூரு

அன்புள்ள வாசகிக்கு,

அப்பா கேட்ட கேள்வியிலிருந்தே தொடங்குங்கள். உங்கள் மறுவடிவமைப்புக்கு அதைவிடத் தெளிவான தொடக்கம் கிடைக்காது.

அவர் கண்ட திரையை என்னால் ஊகிக்க முடிகிறது. எத்தனை பங்கு, என்ன விலை என்று இரண்டு கட்டம். அதற்கு மேலோ கீழோ சின்னதாக இரண்டு சொல்: ஒன்று சிஎன்சி, இன்னொன்று எம்ஐஎஸ். சில ஆப்களில் டெலிவரி, இன்ட்ராடே. முதலாவதில் வாங்கினால் பங்கு, மின்வடிவில் பங்குகளை வைத்திருக்கும் நம் டீமேட் கணக்கில் வந்து உட்காரும். இரண்டாவதில் வாங்கினால் அன்றைக்கே விற்றாக வேண்டும். நாமாக விற்காவிட்டால் மூன்றரைக்குக் கொஞ்சம் முன்னால் தரகரின் கணினியே விற்றுவிடும். பல தரகர்கள் அதற்குத் தனிக் கட்டணமும் பிடிக்கிறார்கள். பணத்தின் கதியையே மாற்றுகிற இந்த முடிவுக்கு, அந்தத் திரையில் கிடைப்பது ஒரு விரல்நகம் அளவு இடம். போதாததற்கு, போன தடவை எதைத் தேர்ந்தெடுத்தோமோ அதையே சில ஆப்கள் நினைவில் வைத்துக்கொண்டு மறுபடியும் காட்டுகின்றன. இன்ட்ராடேயில் கையிலிருக்கும் பணத்தைப்போல் ஐந்து மடங்கு வரை பங்கு வாங்க முடிவதால் தேவைப்படும் தொகை குறைவாகத் தெரியும். புதிதாக வருகிறவர் "பரவாயில்லையே, கம்மியாக இருக்கிறதே" என்று அதையே அழுத்திவிடுவார். அப்பா செய்தது கவனக்குறைவு என்று நான் சொல்லமாட்டேன். திரை அவரை அந்தப் பக்கம் நகர்த்தியது.

ஆப்கள் வருவதற்கு முன்னால் பங்கு எப்படி வாங்கினோம் என்பதை உங்கள் வயதுக்காரர்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். நம் பெங்களூரிலேயே ஒரு பங்குச் சந்தை இருந்தது, ஜே.சி. ரோட்டில். 2014-ல், பங்குச் சந்தைகளைக் கட்டுப்படுத்தும் செபி அதற்கு வெளியேற அனுமதி தந்து கணக்கை முடித்துவைத்தது. தேசிய பங்குச் சந்தை 1994-ல் கணினித் திரையோடே தொடங்கி, மும்பை பங்குச் சந்தையும் 1995-ல் அதற்கு மாறிய பிறகு, ஜெயநகர், மல்லேஸ்வரம் என்று தெருவுக்குத் தெரு சப்-புரோக்கர் அலுவலகங்கள் முளைத்தன. போன் போட்டு ஆர்டர் சொல்வோம். மறுமுனையில் இருக்கும் டீலர் உடனே போட்டுவிட மாட்டார். "ரிப்பீட் பண்றேன் சார். ஐம்பது ஷேர், லிமிட் ஆயிரத்து நானூற்று எண்பது, டெலிவரி. போட்டுடவா?" என்பார். நாம் "ம், போடுங்க" என்ற பிறகுதான் கீபோர்டைத் தட்டுவார். இப்போதும் போனில் ஆர்டர் வாங்குகிற தரகர், வாடிக்கையாளர் சொன்னதற்கு ஆதாரம் வைத்திருக்க வேண்டும் என்று 2018-லேயே செபி விதி போட்டிருக்கிறது.

ஆப் வந்ததும் டீலர் போய்விட்டார். அது நல்லதுதான். தரகுக் கட்டணம் அடிமட்டத்துக்கு வந்தது, யாரையும் நம்பி இருக்க வேண்டியதில்லை. ஆனால் அவரோடு சேர்ந்து அந்தத் திருப்பிச் சொல்லலும் போய்விட்டது. உங்கள் நிறுவனம் வெட்டச் சொல்கிற மூன்றாவது திரை அதன் மிச்சம்தான். அது இப்போது உருப்படியாக வேலை செய்யவில்லை என்பது வேறு விஷயம். "நிச்சயமாக வாங்க வேண்டுமா?" என்று கேட்கிற திரையை யாரும் படிப்பதில்லை, விரல் தானாக 'ஆம்' மேல் போய்விடும். அந்தத் திரை ஒரு முழு வாக்கியம் பேச வேண்டும். "50 பங்கு, ஒன்று ரூ. 1,480-க்கு மிகாமல். மொத்தம் ரூ. 74,000. நீங்கள் விற்கும்வரை உங்களிடமே இருக்கும்." இன்ட்ராடே என்றால் கடைசி வரி மாற வேண்டும்: "இன்று பிற்பகல் 3:20-க்குள் நீங்கள் விற்காவிட்டால் நாங்களே விற்றுவிடுவோம்." இந்த ஒரு வரி அன்றைக்கு இருந்திருந்தால் அப்பா நிறுத்தியிருப்பார்.

ஆகவே தட்டல் குறைந்தால் நல்லது என்று நீங்கள் கற்றதில் பாதிதான் இங்கே செல்லும். சாப்பாடு வரவழைக்கும் ஆப்பில் தவறான தோசை வந்தால் மாலைக்குள் மறந்துவிடுவோம். பங்கு ஆர்டர் சந்தைக்குப் போய் முடிந்துவிட்டால் அதைத் திரும்பப் பெற வழியே கிடையாது. எதிர்த்திசையில் இன்னொரு ஆர்டர் போட்டு, வரியும் கட்டணமும் கட்டித்தான் வெளியே வரவேண்டும். திரும்ப முடியாத இடத்தில் ஒரு நிதானம் வேண்டும். மற்ற எல்லா இடத்திலும் வேகமாக இருங்கள். சொல்லப்போனால் வேகம் தேவைப்படுகிற பல இடங்களில் இன்றைய ஆப்கள் மெதுவாக இருக்கின்றன.

விற்பதையே எடுத்துக்கொள்ளுங்கள். டீமேட் கணக்குகளை வைத்திருக்கும் நிறுவனங்களில் ஒன்றான சிடிஎஸ்எல்லில் கணக்கு இருந்தால், விற்ற பங்கைத் தரகரே எடுத்துக்கொடுக்க அனுமதிக்கும் டிடிபிஐ பத்திரத்தில் கையெழுத்துப் போடாதவர் விற்கும்போது டிபின் என்ற ரகசிய எண்ணும் ஓடிபியும் கொடுத்து அனுமதிக்க வேண்டும். முதல்முறை விற்கிறவருக்கு இப்படி ஒன்று இருப்பதே விற்கும் நிமிடத்தில்தான் தெரிகிறது. விலை இறங்கிக்கொண்டிருக்கும், அவர் டிபினைத் தேடிக்கொண்டிருப்பார். முதல் பங்கு வாங்கிய அன்று சாயங்காலமே, அவசரம் எதுவும் இல்லாதபோது, "விற்கும் நாளில் இது வேண்டியிருக்கும், இப்போதே ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்" என்று ஆப் சொல்லியிருக்கலாம் இல்லையா? அப்புறம், நிராகரிக்கப்பட்ட ஆர்டர்கள். ஆர்எம்எஸ் என்று ஆரம்பித்து ஏதோ ஒரு கணினி வரி வந்து விழுகிறது. கணக்கில் ரூ. 1,200 குறைகிறது என்பதுதான் விஷயமென்றால் அதைச் சொல்லி, பணம் போடும் பொத்தானைப் பக்கத்திலேயே வைக்க வேண்டும். காலை 9:15-க்கு எல்லோரும் ஒரே நேரத்தில் உள்ளே வரும்போது ஆர்டர் போனதா, காத்திருக்கிறதா, முடிந்ததா என்பது சந்தேகமில்லாமல் தெரிய வேண்டும். இது தெரியாமல்தான் ஒரே ஆர்டரை இரண்டு தடவை போடுகிறார்கள்.

எண்களைக் காட்டும் விதத்தைப் பற்றி நான் அதிகம் கவலைப்படுகிறேன், ஏனென்றால் அதில் உயிரே போயிருக்கிறது. 2020 ஜூனில் அமெரிக்காவில், ராபின்ஹுட் என்ற தரகு ஆப்பில் ஆப்ஷன் (குறித்த விலையில் பங்கை வாங்கவோ விற்கவோ உரிமை தரும் ஒப்பந்தம்) வாங்கி விற்றுக்கொண்டிருந்த 20 வயது இளைஞர் ஒருவர், தன் கணக்கில் 7.3 லட்சம் டாலர் கழித்தல் குறியோடு நிற்பதைப் பார்த்தார். இரண்டு பகுதியான வணிகத்தில் ஒரு பகுதி முடிந்து மறுபகுதி முடியாத இடைநிலைக் கணக்கு அது, அவருடைய உண்மையான கடன் இல்லை. உதவி கேட்டு எழுதியதற்குத் தானியங்கிப் பதில்தான் வந்தது. அவர் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். அடுத்த ஆண்டு, தரகர்களைக் கண்காணிக்கும் ஃபின்ரா அமைப்பு அந்த நிறுவனத்தின் மீது அபராதமும் இழப்பீடுமாக ஏறத்தாழ 7 கோடி டாலர் விதித்தது. எண்களைத் தவறாகக் காட்டியதும் அதற்கான காரணங்களில் ஒன்று. நீங்கள் சொன்ன வண்ணக் காகிதம் தூவும் வழக்கத்தையும் அதே நிறுவனம் 2021-ல் கைவிட்டது. உங்கள் கூட்டத்தில் இதைத் தயங்காமல் சொல்லுங்கள்.

இங்கேயும் இடைநிலை எண்கள் ஆட்களைக் கலங்கடிக்கின்றன. ஒன்றுக்கு ஒன்று போனஸ், அதாவது வைத்திருக்கும் ஒவ்வொரு பங்குக்கும் இன்னொன்று இலவசம் என்று அறிவித்த கம்பெனியின் பங்கு, குறித்த நாளில் பாதி விலைக்கு வந்து நிற்கும். போனஸ் பங்கு கைக்கு வர இப்போது இரண்டு நாள் ஆகும், 2024 அக்டோபருக்கு முன் இன்னும் அதிகம் ஆனது. நடுவில் ஆப்பைத் திறந்தவருக்குத் தன் சேமிப்பு பாதியாகிவிட்டதாகச் சிவப்பில் தெரியும். பயந்துபோய் விற்றுவிடுபவர்கள் உண்டு. அந்தப் பங்கின் பெயருக்குக் கீழே "போனஸ் பங்கு வந்துகொண்டிருக்கிறது, இந்த நஷ்டம் உண்மையல்ல" என்று எழுதினால் போதும். முடிந்தால் அந்த எண்ணையே காட்டாதீர்கள்.

லாபக் கணக்கும் அப்படித்தான். ஒரு லட்சத்துக்கு டெலிவரியில் வாங்கி, கிட்டத்தட்ட அதே விலைக்கு விற்றால் பரிவர்த்தனை வரி மட்டும் வாங்கும்போது 100, விற்கும்போது 100. முத்திரைக் கட்டணம் 15 ரூபாய். தரகு, சந்தைக் கட்டணம், ஜிஎஸ்டி, டீமேட் கட்டணம் எல்லாம் தனி. ஆகவே திரையில் பச்சையாக 200 ரூபாய் லாபம் என்று நிற்பது உண்மையில் நஷ்டம். ராத்திரி மின்னஞ்சலில் வரும், அன்றைய வணிகத்தின் பில்லான கான்ட்ராக்ட் நோட்டைத் திறந்து கூட்டிப் பார்ப்பவருக்குத்தான் அது தெரியும். எல்லாக் கட்டணமும் போக மிஞ்சுவதை முதல் எண்ணாகக் காட்டுங்கள்.

பச்சை, சிவப்பு பற்றியும் ஒரு வார்த்தை. இந்த இரண்டையும் பிரித்தறிய முடியாதவர்கள் ஆண்களிடையே கணிசம். கூட்டல் கழித்தல் குறியும் அம்புக்குறியும் கூடவே இருக்கட்டும். போனில் எழுத்தைப் பெரிதாக்கி வைத்திருக்கும் பெரியவர்களின் திரையில் உங்கள் எண்கள் இரண்டு வரியாக உடைகின்றனவா என்றும் பாருங்கள்.

பங்கின் வருங்கால விலையை வைத்துப் போடும் ஒப்பந்தங்களான ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் (எஃப் அண்ட் ஓ) பக்கம் வந்தால் நிலைமை இன்னும் தீவிரம். 2021-22 முதல் மூன்று நிதியாண்டுகளில் அதில் இறங்கிய ஒரு கோடிக்கும் மேற்பட்ட தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நஷ்டப்பட்டார்கள், ஆளுக்குச் சராசரியாக சுமார் 2 லட்சம் ரூபாய் என்று செபியின் 2024 ஆய்வு சொல்கிறது. பத்தில் ஒன்பது பேருக்கு நஷ்டம் என்ற எச்சரிக்கையை 2023 ஜூலையிலிருந்து ஒவ்வொரு ஆப்பும் காட்டித்தான் ஆகவேண்டும். மக்கள் அதை ஒரே தட்டில் தள்ளிவிட்டுப் போகிறார்கள். பத்துப் பேரின் கதை யாரையும் தொடுவதில்லை, தன் கதை தொடும். இந்த வருடம் கட்டணம் போக அவர் எவ்வளவு இழந்திருக்கிறார் என்பதை ஆர்டர் திரையிலேயே ஒரு வரியாக வையுங்கள். இந்த ஊரின் தரகு நிறுவனமான ஜெரோதா, வாடிக்கையாளரே தனக்கு வணிகத்தை 12 மணி நேரம் பூட்டிக்கொள்ளும் கில் ஸ்விட்ச் வசதியைக் கொடுத்திருக்கிறது. அந்த மாதிரி ஒன்றைச் செட்டிங்ஸுக்குள் புதைக்காமல், தொடர்ந்து நஷ்டப்படும் நாளில் கண்ணெதிரே வைப்பதுதான் டிசைனரின் வேலை.

மேலிடத்தை எப்படிச் சம்மதிக்க வைப்பது என்பதுதான் உங்களுக்கு உண்மையான சிரமமாக இருக்கும். ஆர்டருக்கு இவ்வளவு என்று சம்பாதிக்கும் நிறுவனம் ஆர்டர்களின் எண்ணிக்கையைத்தான் பார்க்கும். நியாயம் பேசிப் பயனில்லை, அவர்களிடம் இருக்கும் தரவிலிருந்தே பேசுங்கள். இன்ட்ராடேயில் வாங்கி, முழுத் தொகையும் கணக்கில் இருந்தும், தானாக விற்கப்பட்டவர்கள் எத்தனை பேர் என்று எடுங்கள். அவர்களில் பெரும்பாலோர் அப்பாவைப் போலத் தெரியாமல் மாட்டியவர்களாக இருக்க வாய்ப்பு அதிகம். அதற்குப் பிறகு அவர்களில் எத்தனை பேர் ஆப்பைத் திறக்கவே இல்லை என்று பாருங்கள். மூன்றரைக்குப் பிறகு உதவி எண்ணுக்கு வரும் அழைப்புகள் எதைப் பற்றி என்று கேளுங்கள். ஒரு புது வாடிக்கையாளரைக் கொண்டுவர எவ்வளவு செலவாகிறது என்பது உங்கள் மார்க்கெட்டிங் ஆட்களுக்குத் தெரியும். அந்த எண்ணைப் பக்கத்தில் வைத்துவிட்டால் பேச்சு மாறும்.

புதுத் திரையைச் சோதித்துப் பார்க்க அலுவலக நண்பர்களைக் கூப்பிடாதீர்கள், அவர்களுக்கு எல்லாம் தெரியும். அல்சூர் தமிழ்ச் சங்க நூலகத்துக்கு வருகிற பெரியவர்களிடம் போனைக் கொடுத்து, "பத்துப் பங்கு வாங்குங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பேசாமல் உட்காருங்கள். முடித்த பிறகு, என்ன வாங்கினார்கள், எப்போது விற்கப்படும், எவ்வளவு கட்டணம் என்று கேளுங்கள். மூன்றுக்கும் பதில் வந்தால் உங்கள் திரை தயார்.

வேலையை விடுவதைப் பற்றி இப்போது யோசிக்காதீர்கள். அப்பாவின் கேள்வியைக் காதால் கேட்ட ஒருவர் அந்தக் குழுவில் இருப்பது வாடிக்கையாளர்களுக்கு நல்லது. ஸ்வைப் வேண்டுமென்றே அவர்கள் பிடிவாதமாக நின்றால், புதுக் கணக்குகளுக்கு அது அணைந்திருக்கட்டும், வேண்டியவர்கள் செட்டிங்ஸில் போய்ப் போட்டுக்கொள்ளட்டும் என்று கேளுங்கள். தினமும் வணிகம் செய்கிறவர்கள் அதைத் தேடிப் போட்டுக்கொள்வார்கள். மற்றவர்களுக்கு முதலில் டெலிவரி, அதற்கப்புறம் அந்த முழு வாக்கியம். இவ்வளவுக்குச் சம்மதம் கிடைத்தாலே முதல் சுற்றுக்குப் போதும்.

அன்புடன்.