அட்டைப்படம் வரைந்தால் நாவல் படித்ததாகுமா?

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: ஒன்பதாம் வகுப்புக்கு மொழிப்பாடம் எடுக்கிறேன். மாணவர்கள் ஆளுக்கொரு நாவலைத் தாங்களே தேர்ந்தெடுத்து, தனியாகப் படித்து, அதையொட்டி ஒரு படைப்பைச் செய்துவர வேண்டும் என்று செயல்திட்டம் வகுத்தோம். அட்டைப்படம், சுவரொட்டி, அட்டையில் கட்டிய வீடு என்று வண்ணமயமாக வந்து குவிகின்றன. ஆனால் பாத்திரம், சூழல், நோக்குநிலை (கதை யாருடைய பார்வையில் சொல்லப்படுகிறது என்பது) என்று இலக்கியக் கூறுகளைப் பற்றிக் கேட்டால் பதில் வருவதில்லை. குறை எங்கே இருக்கிறது?

பதில்: குறை மாணவர்களிடம் இல்லை, கொடுக்கப்பட்ட வேலையில்தான் இருக்கிறது. நாவலின் பின்னட்டையில் அச்சாகியிருக்கும் பத்து வரிகளை மட்டும் படித்த ஒருவரால் அந்தச் சுவரொட்டியைச் செய்துவிட முடியுமா என்று பாருங்கள். முடியும் என்றால், அந்த வேலைக்கு வாசிப்பே தேவைப்படவில்லை. ஓவியத் திறமை மட்டும் போதுமானதாக இருந்திருக்கிறது. எந்தப் படைப்பு வேலையானாலும், அதைச் செய்து முடிப்பதற்குள் மாணவர் பலமுறை புத்தகத்தைத் திரும்பத் திறந்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் அந்த வேலைக்குள்ளேயே அமைந்திருக்க வேண்டும். ஒரு செயல்திட்டம் தேறுமா தேறாதா என்பதை நான் இந்த ஒன்றை வைத்தே முடிவு செய்வேன்.

சூழலை எடுத்துக்கொள்வோம். ‘கதை நடக்கும் வீட்டை வரைக’ என்றால், மாணவர் தமக்குத் தெரிந்த ஏதோ ஒரு வீட்டை வரைந்துவிடுவார். ‘வீட்டின் வரைபடத்தைப் போட்டு, ஒவ்வோர் அறைக்கும் அதைப் பற்றி நாவல் சொல்லும் ஒரு வரியையும் பக்க எண்ணையும் குறிக்க, நாவல் ஒன்றும் சொல்லாத அறையை வெற்றிடமாக விடுக’ என்று கேட்டுப் பாருங்கள். ஒரு பெண் கதை சொல்லும் நாவல் என்று வைத்துக்கொள்வோம். சமையலறைக்கு ஏழெட்டு வரிகள் கிடைத்திருக்கும். முன்கூடத்துக்கு ஒன்றுகூடக் கிடைத்திருக்காது. ஏன் என்று யோசிக்கும்போதுதான், கதையைச் சொல்லும் பெண் அந்தக் கூடத்துக்குள் உட்கார அனுமதிக்கப்படாதவள் என்பது மாணவருக்கு உறைக்கும். சூழல் என்பது வெறும் பின்னணி அன்று என்பதை அந்த வெற்றிடமே காட்டிவிடும்.

நோக்குநிலைக்கு ‘இன்னொரு பாத்திரத்தின் வாயிலாக ஒரு காட்சியை எழுதுக’ என்பது வழக்கமான வேலை. நல்ல வேலைதான், ஆனால் நிபந்தனை இல்லாமல் கொடுத்தால் ‘அவன்’ என்பதை ‘நான்’ என்று மாற்றுவதோடு அது முடிந்துவிடுகிறது. புதிய கதைசொல்லி தாம் கண்டதையும் கேட்டதையும் மட்டுமே சொல்லலாம் என்று கட்டுப்பாடு வையுங்கள். சாத்திய கதவுக்குள் அண்ணனும் தம்பியும் சண்டையிடும் ஒரு காட்சி, நாவலில் அண்ணனின் மனவோட்டத்தோடு சொல்லப்பட்டிருக்கிறது என்று கொள்வோம். அதையே வாசலில் நிற்கும் தங்கை சொல்ல வேண்டும் என்றால், அவளுக்குக் கிடைப்பது உயர்ந்த குரலும், நாற்காலி இழுபடும் ஓசையும், பாதியில் அறுந்த ஒரு வாக்கியமும்தான். எழுதி முடித்த மாணவர், அண்ணனுடைய அவமானம் முழுவதும் மறைந்துபோய் அவனுடைய கோபம் மட்டுமே எஞ்சியிருப்பதைக் காண்பார். மூல ஆசிரியர் அண்ணனின் மனத்துக்குள் நின்று கதை சொன்னது எதற்காக என்பதை அதற்குப்பின் யாரும் அவருக்கு விளக்க வேண்டியதில்லை.

படைப்போடு ஒரு பக்கக் குறிப்பும் கட்டாயம் வேண்டும். ஒருபுறம் மாணவர் எடுத்த முடிவு, மறுபுறம் அதற்கு ஆதாரமான நாவலின் வரி, அவ்வளவு போதும். அந்த ஒரு பக்கம் இல்லாத படைப்பை, எவ்வளவு அழகாக இருந்தாலும், திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

கேள்வி: கதைப்பின்னலை விளக்க எங்கள் ஆசிரியர் மலை வடிவில் ஒரு கோட்டுப்படம் வரையச் சொல்கிறார். நான் படித்த நாவல் அந்த மலைக்குள் அடங்கவே மறுக்கிறது. நான் சரியாகப் படிக்கவில்லையா?

பதில்: சரியாகப் படித்ததனால்தான் அடங்கவில்லை. தொடக்கம், ஏற்றம், உச்சம், இறக்கம், முடிவு என்ற அந்த வடிவம் குஸ்தாவ் ஃபிரைடாக் என்ற ஜெர்மானிய எழுத்தாளர் 1863இல் வெளியிட்ட நாடகக்கலை நூலிலிருந்து பரவியது. கிரேக்க நாடகங்களையும் ஷேக்ஸ்பியரின் நாடகங்களையும் மனத்தில் வைத்து அவர் அதை உருவாக்கினார். எல்லா நாவல்களும் அதற்கு இணங்கியாக வேண்டும் என்ற விதி எதுவும் இல்லை. (அவருடைய படத்தில் உச்சம் நடுவில் இருக்கிறது, இப்போது வரையப்படும் படங்கள் பலவற்றில் அது கடைசிக்குத் தள்ளப்பட்டிருப்பதையும் கவனியுங்கள்.) மலைக்குப் பதிலாக இரண்டு கோடுகள் வரையுங்கள். மேல்கோட்டில் நிகழ்ச்சிகளை நடந்த வரிசையிலும், கீழ்க்கோட்டில் அவற்றையே நாவல் சொல்லும் வரிசையிலும் குறித்து, ஒரே நிகழ்ச்சியைக் குறிக்கும் புள்ளிகளை இணையுங்கள். கோடுகள் எங்கே குறுக்கே வெட்டிக்கொள்கின்றனவோ, அங்கெல்லாம் ஆசிரியர் எதையோ முன்கூட்டிச் சொல்லியிருக்கிறார், அல்லது வேண்டுமென்றே ஒளித்து வைத்திருக்கிறார். உங்கள் ஆசிரியரிடம் இரண்டு படங்களையும் கொடுங்கள். மறுக்க மாட்டார் என்று நம்புகிறேன்.

கேள்வி: என் மகன் தன் செயல்திட்டத்துக்காக ஒரு பெட்டியில் குடை, கடிதம், விளக்கு, சாவி என்று நாவலில் வரும் பொருள்களையெல்லாம் போட்டு, எல்லாவற்றையும் ‘குறியீடு’ என்று எழுதியிருக்கிறான். ஒரு பொருள் குறியீடா, வெறும் பொருளா என்று எப்படி அறிவது?

பதில்: பொருளைப் பார்த்துச் சொல்ல முடியாது; அது கதைக்குள் எப்படிப் பயணம் செய்கிறது என்பதைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். ஒருமுறை வந்து மழையைத் தடுத்துவிட்டுப் போகும் குடை குடைதான். திரும்பத் திரும்ப வந்து, வரும்போதெல்லாம் வேறொரு பொருளைச் சுமக்கும் குடையைப் பற்றித்தான் யோசிக்க வேண்டும்.

இதற்குச் சிலப்பதிகாரத்தைவிடத் தெளிவான பாடம் கிடைப்பது அரிது. காப்பியத்தின் பெயரிலேயே சிலம்பு இருக்கிறது என்பதோடு பலரும் நின்றுவிடுகிறார்கள். அது வரும் இடங்களை வரிசையாக எடுத்துப் பாருங்கள். கோவலன் மாதவியிடம் போய்விட்ட நாள்களில், ‘அஞ்செஞ் சீறடி அணிசிலம்பு ஒழிய’ என்று கண்ணகியின் வெறுங்காலைக் காட்டுகிறார் இளங்கோவடிகள். அங்கே சிலம்பு இல்லாமையே அவளுடைய தனிமைக்குச் சான்று. பொருளையெல்லாம் இழந்து கோவலன் திரும்பி வந்து நாணி நிற்கும்போது, ‘சிலம்புள கொண்ம்’ (சிலம்பு இருக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள்) என்கிறாள் அவள். அணி அந்தக் கணமே வணிகத்துக்கான முதலாக மாறிவிடுகிறது. மதுரையில் அவன் ஒற்றைச் சிலம்பைப் பொற்கொல்லனிடம் காட்டுகிறான். அரசியின் சிலம்பைத் திருடியவன் அந்தப் பொற்கொல்லனே என்பது நமக்குத் தெரியும், கோவலனுக்குத் தெரியாது. வணிக முதலாக இருந்தது இப்போது களவுப்பொருளாகிவிட்டது. இறுதியில், அரசன் தன் தேவியின் சிலம்பில் முத்துப்பரல் என்றும், கண்ணகி தன் சிலம்பில் மாணிக்கப்பரல் என்றும் சொல்ல, அவள் உடைத்த சிலம்பிலிருந்து மணி அரசன் முகத்துக்கு நேரே தெறிக்கிறது. களவுப்பொருள் சாட்சியாகி, ‘யானே கள்வன்’ என்று அரசனையே சொல்ல வைக்கிறது.

அணி, முதல், களவு, சாட்சி என்று ஒரே பொருள் நான்கு வாழ்க்கை வாழ்ந்திருக்கிறது. ‘சிலம்பு நீதியின் குறியீடு’ என்று ஒரே வரியில் எழுதினால் இவற்றுள் மூன்று கைநழுவிப் போகின்றன. உங்கள் மகனிடம் பெட்டியில் ஒரே ஒரு பொருளை மட்டும் வைத்துக்கொண்டு, அது வரும் ஒவ்வோர் இடத்துக்கும் ஓர் அட்டை எழுதச் சொல்லுங்கள்: யார் கையில் இருக்கிறது, அவருக்கு அது என்னவாகத் தோன்றுகிறது, வாசகருக்கு என்னவாகத் தோன்றுகிறது. எல்லா அட்டைகளிலும் ஒரே பதில்தான் வருகிறது என்றால், வேறு பொருளைத் தேடட்டும்.

கேள்வி: நாவலின் முடிவை மாற்றி எழுதுவதே என் மகளின் செயல்திட்டம். ஆசிரியர் எழுதியதை ஒரு சிறுமி மாற்றுவது முறையா?

பதில்: தாராளமாக மாற்றலாம், ஆனால் எளிதாக மாற்ற விடாதீர்கள். ‘அரசன் இறந்தான், பிறகு அரசி இறந்தாள்’ என்பது கதை. ‘அரசன் இறந்தான், அந்தத் துயரத்தால் அரசியும் இறந்தாள்’ என்பது பின்னல் என்று ஆங்கில நாவலாசிரியர் இ. எம். ஃபார்ஸ்டர் 1927இல் பிரித்துக் காட்டினார். நாவலின் முடிவு தனியாகத் தொங்குவதில்லை. அதற்கு முந்தைய காரணங்கள் அதைப் பிடித்து வைத்திருக்கின்றன. ஆகவே, இறந்தவரைப் பிழைக்க வைப்பதற்கு முன், ‘இந்த முடிவு வர வேண்டுமானால் முன்னால் எந்த அத்தியாயத்தில், யார், என்ன வேறுவிதமாகச் செய்திருக்க வேண்டும்?’ என்று மகளைத் தேட விடுங்கள். அந்த இடத்தைக் கண்டுபிடித்துவிட்டு, ‘ஆனால் இவள் அப்படிச் செய்யக்கூடியவள் இல்லையே’ என்று அவளே தயங்கினால், பாத்திரப் படைப்பும் கதைப்பின்னலும் ஒன்றையொன்று எப்படித் தாங்குகின்றன என்பது அவளுக்கு விளங்கத் தொடங்கிவிட்டது என்று கொள்ளலாம்.

கேள்வி: மையக்கருத்து என்ன என்ற கேள்விக்கு ‘நட்பு’ என்று எழுதினேன். தவறு என்று கோடு போட்டுவிட்டார்கள்.

பதில்: நட்பு என்பது பேசுபொருள், அதைப் பற்றி நாவல் என்ன சொல்கிறது என்பதுதான் மையக்கருத்து. ‘நண்பனிடம் உண்மையை மறைப்பவன் அவனைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு தன்னையே காப்பாற்றிக்கொள்கிறான்’ என்பதுபோல, ஒருவர் மறுத்துப் பேசக்கூடிய முழு வாக்கியமாக எழுதுங்கள். பிறகு அந்த வாக்கியத்துக்கு ஒத்துவராத ஒரு காட்சியையாவது நாவலில் தேடி, அதற்கேற்ப வாக்கியத்தைத் திருத்துங்கள். இந்த வேலையைச் செயல்திட்டத்தின் கடைசியில் வைத்துக்கொள்வது நல்லது.

கேள்வி: துப்பறியும் நாவல்களைத் தவிர வேறெதையும் மாணவர்கள் தேர்ந்தெடுப்பதில்லை. அனுமதிக்கலாமா?

பதில்: அனுமதிக்கலாம். தடயத்தை வாசகரின் கண்முன்னே வைத்துவிட்டு அவருடைய கவனத்தை வேறுபக்கம் திருப்பும் கலையைப் படிக்க அதைவிட நல்ல வகை இல்லை. முடிவு தெரிந்தபின் மீண்டும் ஒருமுறை படித்து, தடயங்கள் முதன்முதலில் வந்த பக்கங்களைக் குறித்து வரச் சொல்லுங்கள்.

கேள்வி: நன்றாக வரையத் தெரிந்தவர்களுக்கே அதிக மதிப்பெண் போகிறது என்று பெற்றோர் குறைப்படுகிறார்கள். இணையத்தில் கிடைக்கும் சுருக்கத்தைப் பார்த்து எழுதுபவர்களையும் கண்டுபிடிக்க முடியவில்லை. எப்படி மதிப்பிடுவது?

பதில்: இரண்டுக்கும் தீர்வு ஒன்றே. படைப்பின் அழகுக்குச் சிறு பங்கும், ஆதாரக் குறிப்புக்கும் நேர்முக உரையாடலுக்கும் பெரும்பங்கும் ஒதுக்குங்கள். அந்தப் பிரிப்பைத் தொடக்கத்திலேயே மாணவர்களுக்கு அறிவித்துவிடுங்கள். உரையாடலுக்கு ஐந்து நிமிடம் போதும். ‘கதையைச் சொல்’ என்று கேட்காதீர்கள். சுருக்கம் படித்தவர்தான் அதைத் தடங்கலின்றிச் சொல்வார். புத்தகத்தைக் கையில் கொடுத்து, ‘உன் வரைபடத்தில் இந்த அறையை வெறுமையாக விட்டிருக்கிறாயே, அது சரிதான் என்று காட்டும் பக்கத்தை எடு’ என்று கேளுங்கள். படித்தவர் உடனே எடுத்துவிடுவார் என்று சொல்லவில்லை. தேடுவார், தவறான பக்கத்தைத் திறப்பார், ‘இதற்குக் கொஞ்சம் முன்னால் இருக்க வேண்டும்’ என்று பின்னோக்கிப் புரட்டுவார். அந்தத் தேடலுக்கும் மதிப்பெண் கொடுங்கள். படிக்காதவருக்கு முன்னால் புரட்டுவதா பின்னால் புரட்டுவதா என்பதே தெரியாது.