சின்னப் பள்ளிக்கூடத்தில் படித்தவள் எங்கே போய் நிற்பாள்?

கேள்வி: நாங்கள் இருப்பது திசையன்விளைக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். என் மகள் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் எட்டாம் வகுப்பு முடிக்கப் போகிறாள். ஊரிலிருந்து 2 கிலோமீட்டரில் ஒரு மிஷன் உயர்நிலைப் பள்ளி இருக்கிறது. அரசு உதவி பெறுவது, தமிழ் வழி. ஆறு முதல் பத்து வரை மொத்தமே 180 பிள்ளைகள்தான். என் மாமியாரும் நாத்தனாரும் அங்கே படித்தவர்கள். கணவர் மஸ்கட்டில் வேலை பார்க்கிறார். நாகர்கோவில் பக்கம் ஒரு பெரிய பள்ளியில், விடுதியோடு, ஒன்பதாம் வகுப்பிலிருந்தே நீட் பயிற்சியோடு சேர்க்கலாம் என்கிறார். வருடத்துக்கு 1 லட்சத்து 60 ஆயிரம் ரூபாய். “சின்னப் பள்ளிக்கூடத்தில் படித்தவள் நாளைக்கு எங்கே போய் நிற்பாள்?” என்று கேட்கிறார். நாங்கள் இந்துக்கள். ஜெபம், பைபிள் என்று பிள்ளை மனம் மாறிவிடுமோ என்று என் அம்மாவுக்குப் பயம். என்ன செய்யட்டும்?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

நானும் உங்கள் பக்கத்துத் தேரிச் செம்மணலில் வளர்ந்தவள்தான். அப்படி ஒரு மிஷன் பள்ளியில்தான் ஆறு முதல் பத்து வரை படித்தேன். பிறகு இன்னொரு சிறிய மிஷன் பள்ளியில் 29 வருஷம் கணக்கு டீச்சராக இருந்தேன். எங்கள் வீட்டில் சுடலைமாடன் சாமிக்கு, கொடை என்கிற கோயில் விழா எடுப்போம். இன்றைக்கும் எடுக்கிறோம்.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மிஷன் பள்ளியில் சேருங்கள். ஆனால் பதினோராம் வகுப்புக்கு இப்போதே ஏற்பாடு செய்யத் தொடங்குங்கள். இரண்டு விஷயங்களில் இந்தப் பதில் மாறலாம், அவற்றை அப்புறம் சொல்கிறேன்.

நான் படித்தபோது எங்கள் பள்ளியில் 160 பேர். மணி என்பது வேப்பமரத்தில் தொங்கிய ஒரு தண்டவாளத் துண்டு. அதை அடிக்க ஒரு பிள்ளை, நூலக அலமாரிச் சாவிக்கு ஒரு பிள்ளை, பானையில் தண்ணீர் நிரப்ப இரண்டு பிள்ளைகள். காலைப் பிரேயரில் ஒருவர் பைபிளிலிருந்து சங்கீதம் வாசிக்க வேண்டும், ஒருவர் குறள் சொல்ல வேண்டும், ஒருவர் செய்தி வாசிக்க வேண்டும், ஒருவர் பாட்டைத் தொடங்கிக் கொடுக்க வேண்டும். நாளுக்கு நாலு பேர். 160 பேரில் கணக்குப் போட்டால் 40 பள்ளி நாளுக்கு ஒரு தடவை உங்கள் முறை வந்தே தீரும். கூச்சப்படுகிறவள், திக்கிப் பேசுகிறவள், கடைசி பெஞ்சில் இருக்கிறவள் என்று யாருக்கும் விலக்கு கிடையாது. ஆளே இல்லையே, யாரை விட முடியும்? இரண்டாயிரம் பிள்ளைகள் படிக்கிற பள்ளியிலும் அதே மேடை உண்டு. அங்கே நன்றாகப் பேசத் தெரிந்த இருபது பேரே மாறி மாறி ஏறுவார்கள், மற்றவர்கள் கீழே நின்று கேட்பார்கள்.

வேலைக்கான நேர்முகத் தேர்வில் ஐந்து பேர் எதிரே உட்கார்ந்து கேள்வி கேட்டபோது எனக்குக் கை நடுங்கவில்லை. அந்தத் தைரியம் எங்கிருந்து வந்தது என்று அப்போது எனக்குத் தெரியாது. நானே டீச்சராகி, அதே மாதிரி பிள்ளைகளை மேடையில் ஏற்றிப் பார்த்த பிறகுதான் புரிந்தது.

இன்னொன்றும் இருக்கிறது. என் அப்பா பனையேறி. பதநீர்ப் பருவத்தில் அம்மாவுக்கு உதவியாக நான் விடிலியில், அதாவது ஓலைக் குடிசையில், கருப்பட்டி காய்ச்சப் போய்விடுவேன். எட்டாம் வகுப்பில் மூன்று நாள் பள்ளிக்குப் போகவில்லை. நாலாவது நாள் அறிவியல் சார் சைக்கிளில் விடிலிக்கே வந்துவிட்டார். அப்பா ஓலைப் பட்டையில் ஊற்றிக் கொடுத்த பதநீரைக் குடித்துவிட்டு, “பிள்ளைய என்னைக்கு அனுப்புதிய?” என்று மட்டும்தான் கேட்டார். மறுநாள் நான் போனேன். எங்கள் தெருவில் எனக்கு மூத்த இரண்டு பெண்கள் அதற்கு முந்தைய பருவங்களில் அப்படியே நின்றுபோனவர்கள். அவர்கள் எங்கள் பள்ளியில் சேர்ந்தவர்கள் இல்லை, அதனால் தேடி வரவும் ஆள் இல்லை. 31 பேர் வகுப்பில் ஒரு இடம் காலியாக இருந்தால் கண்ணில் உறுத்தும். சிறிய பள்ளியின் பெரிய சொத்து அதுதான்.

உங்கள் வட்டாரத்தில் பெண் பிள்ளைகள் மிஷன் பள்ளியில் படிப்பது நேற்று வந்த பழக்கமும் இல்லை. பக்கத்து இடையன்குடிக்கு 1841-ல் வந்த கால்டுவெல் பாதிரியாரை நாம் மொழி ஆராய்ச்சிக்காக நினைவில் வைத்திருக்கிறோம். அவர் மனைவி எலைசா அங்கே பெண் பிள்ளைகளுக்குப் போர்டிங் பள்ளி நடத்தினார், லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். பெண்ணுக்கு எழுத்தும் கைத்தொழிலும் வேண்டும் என்ற எண்ணம் அந்த மணலில் ஊன்றி சுமார் 180 வருஷம் ஆகிறது. உங்கள் மாமியாரிடம் உட்கார்ந்து கேளுங்கள். அவர் காலத்தில் எத்தனை பெண்கள் பத்தாவது வரை போனார்கள், அந்தப் படிப்பு அவருக்கு எங்கெங்கே கைகொடுத்தது என்று. நாத்தனாரிடமும் கேளுங்கள். உங்கள் கணவரின் கேள்விக்கு அவருடைய வீட்டிலேயே இரண்டு பேர் பதில் சொல்ல இருக்கிறார்கள்.

அப்துல் கலாம் ராமேஸ்வரத்தில் ஆரம்பப் பள்ளி முடித்து, வீட்டை விட்டு ராமநாதபுரம் வந்து படித்தது ஸ்வார்ட்ஸ் உயர்நிலைப் பள்ளியில். 1750-ல் தரங்கம்பாடிக்கு வந்து இறங்கிய ஜெர்மானிய மிஷனரி ஸ்வார்ட்ஸின் பெயர் தாங்கிய பள்ளி அது. அங்கே ஐயாதுரை சாலமன் என்ற ஆசிரியர், ஜெயிக்க வேண்டுமானால் ஆசை, நம்பிக்கை, எதிர்பார்ப்பு ஆகிய மூன்றையும் புரிந்துகொண்டு கைவசப்படுத்த வேண்டும் என்று சொன்னதைக் கலாம் கடைசி வரை மறக்கவில்லை. அங்கிருந்து திருச்சி புனித ஜோசப் கல்லூரி, அதுவும் கிறிஸ்தவக் கல்லூரி. இதைச் சொல்வதால் மிஷன் பள்ளியில் சேர்ந்தால் கலாம் ஆகிவிடலாம் என்று நினைக்க வேண்டாம். அவரோடு அதே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள் எத்தனையோ பேர். ஊர் விட்டு வந்த பையனிடம் ‘உன்னால் முடியும்’ என்று ஒரு ஆசிரியர் நேருக்கு நேர் சொன்னார், அது அவன் மனதில் நின்றது. நான் எடுத்துக்கொள்வது அவ்வளவுதான்.

உங்கள் அம்மாவின் பயத்துக்கும் வருகிறேன். கலாம் முஸ்லிமாகவே வாழ்ந்தார். அவருக்கும் முன்னால், யாழ்ப்பாணத்தில் வெஸ்லியன் மிஷன் பள்ளியில் படித்து, அங்கேயே ஆசிரியராக இருந்து, பீட்டர் பெர்சிவல் பாதிரியாருடன் பைபிள் மொழிபெயர்ப்பிலும் வேலை செய்த ஒருவர், பிறகு சைவத்துக்கு அரணாக நின்று 1848-ல் வண்ணார்பண்ணையில் சைவப் பள்ளிக்கூடம் தொடங்கினார். அவர்தான் ஆறுமுக நாவலர். பள்ளி நடத்தும் முறையை மிஷனிடமிருந்து எடுத்துக்கொண்டார், தன் சமயத்தை விடவில்லை.

உங்கள் மகள் பள்ளியிலும் ஜெபம் இருக்கும், கிறிஸ்துமஸ் நாடகம் இருக்கும். பைபிளில் வரும் நல்ல சமாரியன் கதை அவளுக்குத் தெரிந்துவிடும். எனக்கு 23-ஆம் சங்கீதம் இன்றும் மனப்பாடம், மனசு சரியில்லாத நாளில் தானாக வரும். அதனால் நான் எங்கள் கோயில் கொடைக்குப் போகாமல் இருந்ததில்லை. வேதபாட நேரத்தில் மற்றப் பிள்ளைகளுக்குப் பல பள்ளிகளில் நன்னெறி வகுப்பு வைப்பார்கள், சேர்க்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். சட்டமும் உங்கள் பக்கம் இருக்கிறது. அரசு அங்கீகாரமோ உதவியோ பெறும் பள்ளியில், பெற்றோர் சம்மதம் இல்லாமல் ஒரு பிள்ளையைச் சமய போதனையிலோ வழிபாட்டிலோ கலந்துகொள்ளச் சொல்ல முடியாது. அரசியல் சாசனத்தின் 28-வது பிரிவு அது. யாராவது வற்புறுத்தினால் தலைமையாசிரியரிடமோ தாளாளரிடமோ தயங்காமல் பேசுங்கள்.

இனி கஷ்டமான பகுதி. உங்கள் கணவர் கேட்பதில் தப்பே இல்லை. சின்னப் பள்ளியில் படித்த பிள்ளை தடுக்கி விழுகிற இடம் ஒன்று உண்டு, அது பதினோராம் வகுப்பு. பத்தோடு அந்தப் பள்ளி முடிந்துவிடும். எல்லோருக்கும் தெரிந்த பிள்ளையாக இருந்தவள் திடீரென்று யாருக்கும் தெரியாத பிள்ளையாகிவிடுவாள். நான் டவுனில் ஒரு பெரிய பள்ளிக்குப் போனேன். மெல்லிய கம்பியின் தடிமனை அளக்கும் திருகு அளவியைப் படத்தில் மட்டுமே பார்த்திருந்த எனக்கு அதை எப்படிப் பிடிப்பது என்றுகூடத் தெரியவில்லை. வகுப்பே சிரித்தது, டீச்சரும் சேர்ந்து சிரித்தார். இயற்பியல் முதல் தேர்வில் ஃபெயில். பள்ளிக்கு ஒளிந்துகொண்டு சர்ச் வாசலில் உட்கார்ந்து அழுதிருக்கிறேன். மீண்டு வர அரை வருஷம் ஆனது. பிறகு என் மாணவிகள் எத்தனையோ பேர், பத்தாவதில் 450-க்கு மேல் எடுத்தவர்கள், ஆகஸ்ட் மாதம் அதே முகத்தோடு என்னைப் பார்க்க வந்திருக்கிறார்கள். அவர்களுக்கு அறிவு குறையவில்லை. ஆய்வகப் பழக்கமும் ஆங்கிலச் சொற்களும்தான் குறைந்திருந்தன.

அதனால் ஒன்பதாம் வகுப்பிலிருந்தே அறிவியல், கணக்குச் சொற்களை இரண்டு மொழியிலும் ஒரு நோட்டில் எழுதி வரச் சொல்லுங்கள். தினமும் அரை மணி நேரம் ஆங்கிலம் வாய்விட்டு வாசிக்கட்டும். பத்தாவது முடிந்த விடுமுறையை வீணாக்காமல் பதினொன்றாம் வகுப்புப் பாடத்தைத் தொடங்கட்டும். சேர்க்கும் முன் தலைமையாசிரியரிடம் ஒரு கேள்வியை நேராகக் கேளுங்கள்: கணக்குக்கும் அறிவியலுக்கும் நிரந்தர ஆசிரியர் இருக்கிறாரா? உதவி பெறும் பள்ளிகளில் ஒருவர் ஓய்வு பெற்றால் அந்த இடத்துக்கு வருபவருக்கு அரசு ஒப்புதல் கிடைக்கத் தாமதமாவது உண்டு. நிர்வாகம் குறைந்த சம்பளத்தில் வைக்கிற தற்காலிக ஆசிரியர் வருஷ நடுவில் வேறு வேலை கிடைத்துப் போய்விடுவார். இரண்டு பாடத்துக்குமே ஆள் இல்லை என்றால், நான் இதுவரை சொன்ன எதையும் கணக்கில் எடுக்காதீர்கள், வேறு பள்ளி பாருங்கள்.

பணத்தையும் யோசியுங்கள். நாலு வருஷத்துக்கு 6 லட்சத்து 40 ஆயிரம் ஆகிறது. ஒன்பதும் பத்தும் ஊரில் படித்தால் 3 லட்சத்து 20 ஆயிரம் கையில் நிற்கும். தேவைப்படுகிற நேரத்தில், பதினொன்று பன்னிரண்டில், நல்ல பள்ளிக்கும் விடுதிக்கும் அதைச் செலவழிக்கலாம். 13 வயசுப் பிள்ளையைப் பயிற்சி விடுதியில் விடுவதில் எனக்குச் சம்மதமில்லை. அந்த வயதில் அவளுக்கு அம்மா பக்கத்தில் வேண்டும்.

முதலில் சொன்ன இரண்டு விஷயங்களில் ஆசிரியர் விஷயத்தைச் சொல்லிவிட்டேன், மற்றது இதுதான். 2020-ல் தமிழக அரசு கொண்டுவந்த சட்டப்படி, ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு உண்டு. ஒன்றியப் பள்ளியில் இப்போது படிக்கும் உங்கள் மகளுக்கு அந்த வழி திறந்திருக்கிறது. உதவி பெறும் மிஷன் பள்ளிக்குப் போனாலும் அது அடைபடும், தனியார் பள்ளிக்குப் போனாலும் அடைபடும். டாக்டராக வேண்டும் என்பது அவளுடைய சொந்த ஆசையாக, உறுதியான ஆசையாக இருந்தால், பஸ்ஸில் போய்வரும் தூரத்து அரசு மேல்நிலைப் பள்ளியைக் கட்டாயம் போய்ப் பாருங்கள். நீட் பயிற்சியை முன்னிறுத்தும் உங்கள் கணவருக்கும் இதைச் சொல்லுங்கள். டாக்டர் ஆசை இல்லையென்றால் மிஷன் பள்ளியே போதும். கல்லூரிக்குப் போகும்போது மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டமும் 2024 டிசம்பர் முதல் உதவி பெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்த பெண்களுக்கு விரிவாகியிருக்கிறது. பன்னிரண்டு வரை தமிழ் வழியில் தொடர்ந்தால்தான் கிடைக்கும் என்பதால், பதினொன்றில் ஆங்கில வழிக்கு மாறுவதை யோசித்துச் செய்யுங்கள்.

மாமியார், நாத்தனார், கணவர், அம்மா என்று எல்லோரும் உங்கள் கடிதத்தில் இருக்கிறார்கள், மகள் கருத்து மட்டும் இல்லை. இந்த வாரத்தில் ஒரு நாள் காலை ஒன்பது மணிக்கு அவளைக் கூட்டிக்கொண்டு அந்தப் பள்ளிக்குப் போங்கள். பிரேயர் முடியும் வரை ஓரமாக நில்லுங்கள். மேடையில் யார் யார் ஏறுகிறார்கள் என்று பாருங்கள். திரும்பி வரும் 2 கிலோமீட்டரும் நடந்தே வாருங்கள், வழியில் அவள் பேசட்டும். அவள் என்ன சொன்னாள் என்று எனக்கு எழுதுங்கள்.